கியர் பெட்டி மாற்றம் (தானுந்து)

கியர் பெட்டி மாற்றம் என்பது ஒரு தானுந்தில் தயாரிப்பாளர் பொருத்திய கியர் பெட்டியை நீக்கிவிட்டு, வேறு வகையான கியர் பெட்டி ஒன்றைப் பொருத்துவதாகும். பழைய தானுந்துகளைப் பேணும் ஆர்வலர்கள் இதனைத் தம் வீட்டுக் கொட்டகையிலோ சிறிய பட்டறையிலோ செய்வதுண்டு. ஐக்கிய அமெரிக்காவில், 'மசில் கார்' எனப்படும் ஆற்றல் மிகுந்த பழைய வண்டிகளில் தானியங்கிக் கியர் பெட்டியை நீக்கிக் கிளட்சுடன் கூடிய கைமுறைக் கியர் பெட்டியைப் பொருத்துவது இதன் நன்கறியப்பட்ட வடிவம் ஆகும்.

இந்தியாவின் பழைய தானுந்துகள் ஏறக்குறைய அனைத்தும் கைமுறைக் கியர் கொண்டவை. ஆகவே இங்கு இதற்கு நெருங்கிய மாற்றம், ஸ்டியரிங் தண்டில் அமைந்த கியர் கோலை நீக்கித் தரையில் அமைந்த கியர் கோலுடைய பெட்டியைப் பொருத்துவதாகும். அம்பாசடர் தானுந்து இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

இரு வகைகளிலும் கண்ணுக்குத் தெரிவது கியர் கோல் மட்டுமே. ஆனால் எஞ்சினின் பின்முனையிலிருந்து பின்னச்சு வரையுள்ள உறுப்புகள் ஒரே தொடராக இயங்குவதால், ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் அதற்கேற்ப அமைக்க வேண்டியுள்ளது. தென்காசி, குற்றாலம், செங்கோட்டை போன்ற மலையடிவாரப் பகுதிகளில் இது வண்டியின் பாதுகாப்பையே தீர்மானிக்கும் செய்தியாகும்.

அமெரிக்காவில்

1964 ஆம் ஆண்டில் வெளிவந்த பான்டியாக் ஜிடிஓ, மசில் கார் காலத்தின் தொடக்கமாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. 1970களின் முற்பகுதி வரை நீடித்த இக்காலத்தில் பல வண்டிகள் தானியங்கிக் கியர் பெட்டியுடனேயே விற்கப்பட்டன. ஃபோர்டின் சி4, ஜெனரல் மோட்டார்சின் டர்போ ஹைட்ராமாட்டிக், கிறைசுலரின் டார்க்ஃபிளைட் ஆகியவை மூன்று வேகங்கள் கொண்டவை. செவ்ரோலெட்டின் பவர்கிளைடு இரண்டு வேகங்கள் மட்டுமே கொண்டது.

அதே காலத்தில் மன்சி, ஃபோர்டு டாப்லோடர் போன்ற நான்கு வேகக் கைமுறைப் பெட்டிகளும் கிடைத்தன. எனவே ஒரே மாதிரி வண்டியின் கைமுறை வடிவத்திலிருந்து உறுப்புகளைப் பெற்று மாற்றம் செய்வது இயன்றது. பின்னாளில் ஐந்து வேகம் கொண்ட டி-5 பெட்டியும் இதற்குப் பயன்படலாயிற்று.

இந்தியாவில்

மோரிசு ஆக்சுபோர்டு மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்ட அம்பாசடரை, இந்துசுத்தான் மோட்டார்சு நிறுவனம் 1957 முதல் மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் தயாரித்தது. உற்பத்தி 2014 இல் நின்றது. இதில் நெடுங்காலம் பொருத்தப்பட்டது 1489 கன செ.மீ. கொள்ளளவுடைய பிஎம்சி எஞ்சினும் நான்கு வேகக் கியர் பெட்டியும் ஆகும். கியர் கோல் ஸ்டியரிங் தண்டில் இருந்தது.

இவ்வமைப்பில் ஓட்டுநரின் கை அசைவு, பல நீண்ட கம்பிகள், நெம்புகள், புஷ்கள் வழியாகவே கியர் பெட்டியைச் சென்றடைகிறது. புஷ்கள் தேய்ந்தால் அசைவின் ஒரு பகுதி வழியிலேயே வீணாகிறது. கியர் முழுமையாக விழாமற் போகலாம், அல்லது கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளலாம். மறுபுறம், தரையில் தடையில்லாததால் முன்னிருக்கை ஒரே நீள்பலகையாக இருந்தது. நடுவிலும் ஒருவர் அமர முடிந்ததை வாடகைத் தானுந்து ஓட்டுநர்கள் விரும்பினர்.

1984 இல் வெளிவந்த கான்டெசா, இந்தியாவின் மசில் கார் என ஆர்வலர்களால் அழைக்கப்படுகிறது. பிரித்தானிய வாக்சால் வண்டியின் உடலமைப்பைக் கொண்ட இது, தொடக்கத்தில் அம்பாசடரின் சிறிய எஞ்சினையே பெற்றிருந்தது. பின்னர் 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் எஞ்சினும் ஐந்து வேகக் கியர் பெட்டியும் பொருத்தப்பட்டன. இதே எஞ்சின் 1990களில் அம்பாசடரிலும் தரைக் கியருடன் இடம்பெற்றது. பழைய அம்பாசடரையும் தொடக்ககாலக் கான்டெசாவையும் மாற்றியமைப்போர் இந்த இசுசு தொகுதியை நாடுவதற்கு இதுவே காரணம். பிஎம்சி எஞ்சினின் பின்முகமும் இசுசு கியர் பெட்டியின் முன்முகமும் நேரடியாகப் பொருந்துவதில்லை. எனவே எஞ்சினையும் பெட்டியையும் சேர்த்தே மாற்றுவது எளிய வழியாகும்.

தென்காசி, குற்றாலம் சாலைகள்

தென்காசியிலிருந்து குற்றாலம் ஏறக்குறைய 5 கி.மீ. தொலைவில் உள்ளது. சூன் முதல் செப்டம்பர் வரையிலான சாரல் காலத்தில் அருவிகளுக்குச் செல்லும் வண்டிகள் இச்சாலையில் நெருக்கமாக ஊர்ந்து செல்கின்றன. மேற்கே செங்கோட்டை, புளியரை வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744, ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து கேரளத்தின் தென்மலை, கொல்லம் நோக்கிச் செல்கிறது. புளியரைக்கு அருகிலுள்ள 'எஸ் வளைவு' ஓட்டுநர்கள் நன்கறிந்த இடமாகும்.

இப்பகுதியில் ஒரு பழைய வண்டி மூன்று வகையான ஓட்டத்தைச் சந்திக்கிறது. அவை அருவிச் சாலையில் நின்று நின்று நகர்தல், கணவாய் ஏற்றம், ஈரச்சாலையில் இறக்கம் என்பன. முதலாவது கிளட்சையும், இரண்டாவது எஞ்சினையும், மூன்றாவது பிரேக்கையும் சோதிக்கின்றன. முற்கால அம்பாசடரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. நீண்ட இறக்கத்தில் இடைவிடாது மிதிக்கப்பட்டால் இவை சூடேறிப் பிடிப்பை இழக்கக்கூடும். ஆகவே தாழ்ந்த கியரில் இறங்கி எஞ்சினையே தடையாகப் பயன்படுத்துதல் இன்றியமையாதது. இறக்கத்தின் நடுவில் கியர் விழாமலோ நழுவியோ போனால் அத்தடை முற்றிலும் நீங்கிவிடும். தேய்ந்த கம்பி இணைப்புகளை அகற்றித் தரைக் கியருக்கு மாறுவதற்கு இது வலுவான காரணம். சரியாகச் செய்யப்படாத மாற்றம் அதே இடரைப் புதிதாக உண்டாக்கும் என்பதும் அதே அளவு உண்மை.

கியர் விகிதக் கணக்கு

புதிய பெட்டியைத் தெரிவு செய்வதற்கு முன் ஒவ்வொரு கியரிலும் வண்டியின் வேகத்தைக் கணக்கிடுதல் வேண்டும். எஞ்சினின் சுற்று எண்ணிக்கையைக் கியர் விகிதம், பின்னச்சு விகிதம் ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுத்தால் சக்கரத்தின் சுற்று எண்ணிக்கை கிடைக்கும். அதனைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால் வேகம் தெரியும்.

எடுத்துக்காட்டாக, பின்னச்சு விகிதம் 4.5 எனவும், சக்கரச் சுற்றளவு 1.9 மீட்டர் எனவும், எஞ்சின் நிமிடத்திற்கு 2000 சுற்றுகள் சுழல்வதாகவும் கொள்வோம்.

- விகிதம் 2.2 உடைய இரண்டாம் கியரில் வேகம் மணிக்கு ஏறக்குறைய 23 கி.மீ.
- விகிதம் 1.5 உடைய மூன்றாம் கியரில் ஏறக்குறைய 34 கி.மீ.
- விகிதம் 1.0 உடைய நான்காம் கியரில் ஏறக்குறைய 51 கி.மீ.
- விகிதம் 0.8 உடைய ஐந்தாம் கியரில் ஏறக்குறைய 63 கி.மீ.

ஐந்தாம் கியர் சமவெளியில் எஞ்சினின் உழைப்பையும் இரைச்சலையும் குறைக்கிறது. ஆனால் மலை இறக்கத்தில் வண்டியைக் கட்டுப்படுத்துவது இரண்டாம், மூன்றாம் கியர்களே. எனவே ஐந்து வேகம் என்பதை மட்டும் கருதாமல், தாழ்ந்த கியர்களின் விகிதங்களைப் பழைய பெட்டியின் விகிதங்களுடன் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.

மாற்றப்படும் உறுப்புகள்

தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாறும்போது பணி மிகுதி. முறுக்குவிசை மாற்றியும் அதைத் தாங்கும் மெல்லிய தட்டும் நீக்கப்பட்டுக் கனமான ஃபிளைவீல் பொருத்தப்படுகிறது. எஞ்சினின் சமநிலைக்கு ஏற்ற ஃபிளைவீலைத் தெரிவு செய்ய வேண்டும். ஃபோர்டு 302 எஞ்சினின் பழைய வடிவத்திற்கு 28 அவுன்சு-அங்குலச் சமநிலை எடையுடைய ஃபிளைவீலும், 1980களில் வந்த வடிவத்திற்கு 50 அவுன்சு-அங்குலமுடையதும் தேவை. மாற்றிப் பொருத்தினால் எஞ்சின் கடுமையாக அதிரும்.

கிராங்க் தண்டின் முனையில் பைலட் பேரிங், கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கிளட்ச் மிதி ஆகியவையும் சேர்க்கப்படுகின்றன. தானியங்கி வண்டியின் அகன்ற பிரேக் மிதிக்குப் பதிலாகக் குறுகிய மிதி பொருத்தப்படுகிறது. கியர் பூட்டப்பட்ட நிலையில் எஞ்சின் தொடங்காமல் தடுக்கும் மின் ஆளியைக் கிளட்ச் மிதியுடன் இணைக்க வேண்டும்.

அம்பாசடரில் கிளட்ச் மிதி ஏற்கெனவே உள்ளதால் இப்பகுதி எளிது. இங்கே செய்ய வேண்டியவை, எஞ்சின் தாங்கிகளையும் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் மாற்றியமைத்தல், தரையில் கியர் கோலுக்குத் துளையிடுதல், நீள்பலகை இருக்கைக்குப் பதிலாகத் தனியிருக்கைகள் பொருத்துதல், வேகமானியின் இணைப்பைச் சரிசெய்தல் என்பன.

இரு வகைகளிலும் பெட்டியின் நீளம் மாறுவதால் புரொப்பல்லர் தண்டின் நீளமும் மாறுகிறது. தண்டு மிக நீளமாயின் அச்சு மேலெழும்போது பெட்டியை முட்டும். மிகக் குட்டையாயின் பல்லிணைப்பிலிருந்து நழுவும். வெட்டி இணைக்கப்பட்ட தண்டைச் சுழலும் நிலையில் சமநிலைப்படுத்துவது கட்டாயம். இவ்வேலைக்குத் தனி இயந்திரம் வேண்டும் என்பதால் இதனை வீட்டில் செய்ய இயலாது.

பொருத்தும் முறை

- வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டையிட்டு, உறுதியான தாங்கிகளின் மேல் ஏற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுத்தல் உயிருக்கு ஆபத்தானது.
- பேட்டரி இணைப்பைக் கழற்றி, எண்ணெயை வடித்து, புரொப்பல்லர் தண்டை நீக்க வேண்டும்.
- கியர் பெட்டி மிகவும் கனமானது. அதனைக் கைகளில் தாங்கி இறக்காமல், அதற்குரிய ஜாக்கியில் வைத்து இறக்க வேண்டும்.
- பழைய கிளட்ச் தட்டுகளில் கல்நார் இருக்கக்கூடும். தூசியைக் காற்றடித்து அகற்றாமல் ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும்.
- பெட்டியையும் எஞ்சினையும் இணைக்கும் மணிவடிவக் கூட்டின் மையம், கிராங்க் தண்டின் மையத்துடன் ஒன்றியிருப்பதை டயல் கேஜ் கொண்டு சோதிக்க வேண்டும். முழுச் சுற்றில் மானி காட்டும் வேறுபாடு 0.13 மி.மீ.க்கு மிகாமல் இருத்தல் பொதுவான அளவு. மையம் விலகினால் கியர் நழுவும். பேரிங்குகள் விரைவில் தேயும்.
- கிளட்ச் தட்டை மையப்படுத்திய பின், பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.
- பெட்டி முழுமையாக அமராத நிலையில் போல்ட்டுகளால் இழுத்துச் சேர்க்கக் கூடாது. கூடு விரிசல் விடும்.

பணி முடிந்ததும் முதலில் சமவெளியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கியரிலும் வேகத்தைக் கூட்டிய பின், முடுக்கியிலிருந்து காலை எடுத்துக் கியர் தானாக நழுவுகிறதா என்று நோக்குதல் எளிய சோதனை. இறக்கத்தில் ஏற்படும் எதிர்விசையை இது ஓரளவு காட்டும். பிரேக்கும் எண்ணெய்க் கசிவும் சோதிக்கப்பட்ட பின்னரே மலைச்சாலைக்குக் கொண்டு செல்வது முறை.

சட்டநிலை

1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, வண்டியின் அடிப்படை இயல்பை மாற்றும் வகையில் அதன் கட்டமைப்பில் செய்யப்படும் மாற்றத்தைக் கட்டுப்படுத்துகிறது. பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம், அனுமதியற்ற மாற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5000 ரூபாய் தண்டம், அல்லது இரண்டும் விதிக்க வழிசெய்தது.

எஞ்சின் எண்ணும் கொள்ளளவும் பதிவுச் சான்றிதழில் உள்ளன. ஆகவே எஞ்சினுடன் சேர்த்துச் செய்யப்படும் மாற்றம் நேரடியாக இவ்விதியின் கீழ் வருகிறது. பணியைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து வடிவில் அனுமதி கோருதலும், காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவித்தலும் தேவையானவை.

50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைத் தொன்மை வாகனங்களாகப் பதிவு செய்ய 2021 இல் விதிகள் வகுக்கப்பட்டன. அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவை பெரிதும் மாற்றப்படாதிருத்தல் இதற்கான நிபந்தனை ஆகும். ஆகவே 1960களின் அம்பாசடர் ஒன்றில் இசுசு தொகுதியைப் பொருத்துபவர், மலைச்சாலைக்கு ஏற்ற வண்டியைப் பெறும்போது இத்தகுதியை இழக்க நேரலாம். வண்டியை நாள்தோறும் ஓட்டாது பேண மட்டும் விரும்புவோர், தூண் கியரின் புஷ்களையும் கம்பிகளையும் புதுப்பிப்பதோடு நிறுத்திக்கொள்வது செலவும் இடரும் குறைந்த வழியாகும்.