எண் நம்முடையதே

2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா ஆகிய மூன்று கம்பெனிகளும் கைப்பேசிக் கட்டணத்தை உயர்த்தின. அம்மாதத்தில் பி.எஸ்.என்.எல். சுமார் 29 லட்சம் சந்தாதாரரைக் கூடுதலாகப் பெற்றது.

செல்லூர் நெசவாளருக்கும், மாட்டுத்தாவணிக்கு மல்லிகை அனுப்பும் உழவருக்கும் கைப்பேசி எண்ணே கடை விலாசம். அதை இழக்காமல் கம்பெனியை மாற்றும் உரிமை, 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் நமக்கு உண்டு. ‘போர்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுடன் நம் எண்ணைச் சேர்த்து 1900-க்குச் செய்தி அனுப்பினால் குறியீடு வரும். அதைப் புதிய கம்பெனியிடம் கொடுத்தல் வேண்டும்.

முன்பணத்தில் மீதியிருப்பது உடன் வாராது. ஆதலால் தவணை முடியுந் தறுவாயில் மாறுவதே சிக்கனம். மாறியபின் 90 நாட்களுக்கு மீண்டும் மாற இயலாது. நூலைத் தொட்டுப் பார்த்தே வாங்கும் நாம், தறிக்கூடத்திலும் வயலிலும் சிக்னல் எட்டுகிறதா என்று அண்டை அங்கத்தினரின் கைப்பேசியில் முதலில் சோதித்துக்கொள்வோமாக.