பட்டில் படிந்த திராட்சைக் கறை

திருமண விருந்திலே திராட்சை ரசமோ, ஒயினோ பட்டுப் புடவைமீது சிந்திவிடுவது புதிதன்று. சில தினங்களில் அப்புடவை கூட்டுறவு விற்பனை நிலையத்துக்குத் திரும்பி வருவதும், சாயம் நிற்கவில்லை, இழை இற்றுவிட்டது என்று குறை கூறப்படுவதும் உண்டு. நெய்தவர் பெயருக்கன்றோ இழுக்கு! அங்கத்தினர்கள் இதனைச் சற்று நுணுகி நோக்க வேண்டும். கறையைப் போக்குவதற்கெனப் பதற்றத்தில் செய்யும் வைத்தியமே பெரும்பாலும் பட்டைக் கெடுக்கிறது.

பட்டு புரதத்தால் ஆனது. தலைமயிரும் ஆட்டு ரோமமும் அதற்கு உறவு. பருத்தி அவ்வாறன்று. ஆகவே பருத்தி வேட்டிக்கு ஒத்துக்கொள்ளும் சலவைச் சோடா பட்டுக்குப் பகையாகிறது. “நாமே பட்டைச் சோடாவும் சோப்பும் இட்டுக் காய்ச்சுகிறோமே?” என்று நெசவாள அன்பர்கள் வினவலாம். நியாயமான வினாவே. அங்கே கரைந்து போவது இழைமேல் மூடியுள்ள பசை. கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அது. அளவும் நேரமும் அறிந்து காய்ச்சுவதால் உள்ளிழை தப்புகிறது. பசை நீங்கிச் சாயமேறிய பட்டுக்கோ அந்தக் காவல் இல்லை. பிளீச்சிங் பவுடர் இன்னும் கொடியது: வெண்பட்டை மஞ்சளாக்கும், இழையை நையச் செய்யும், சரிகையின் வெள்ளியையும் கறுக்க வைக்கும்.

கருந்திராட்சைத் தோலின் நிறப்பொருள் புளிப்பில் சிவந்தும், காரத்தில் நீலம் பாரித்தும் தோன்றும். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை பயிரிடுவோர், கைக்கறையைச் சோப்பினால் கழுவுகையில் இதனைக் கண்டிருப்பர். புடவையில் இவ்வாறு நேர்ந்ததும் சாயமே திரிந்துவிட்டதென்று அஞ்சுகிறார்கள். பல சமயங்களில் நிறம் மாறியது கறைதான்.

சிந்தியவுடன் தேய்க்கலாகாது. தேய்த்தால் நுண்ணிழைகள் பிரிந்து, அவ்விடம் வெளிறிய தழும்பாக நின்றுவிடும். வெள்ளைப் பருத்தித் துணியை அடியில் ஒன்றும் மேலே ஒன்றுமாக வைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுக்க வேண்டும். பின்னர் குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாக விட்டு ஒற்றலாம். கறை மீந்தால், ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு மூன்று பங்கு நீர் சேர்த்து, இடுப்பில் செருகும் உள்முனையில் முதலில் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். வெள்ளைத் துணியில் சாயம் இறங்குமாயின் அத்துடன் நிறுத்திவிடுதல் நன்று. சரிகைக் கரையில் வினிகர் படவே கூடாது. இறுதியில் புளிப்பு நீங்க மீண்டும் குளிர்ந்த நீரால் ஒற்றி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் பரப்பி உலர்த்துக. ஈர விளிம்பு வளையமாகப் படியாதிருக்க, சுற்றிலும் லேசாக நனைத்துக்கொள்வது உத்தமம்.

உப்பைத் தூவுவதும் கொதிநீரை ஊற்றுவதும் பருத்தி மேசை விரிப்புக்கு உரிய முறைகள். பட்டுக்கு அவை வேண்டா.

நாட்பட்ட கறையை வீட்டில் தொடாமல், பட்டில் பழக்கமுள்ள சலவையாளரிடம் ஒப்படைப்பதே மேல். அப்போது கறை இன்னதென்று சொல்லித் தர வேண்டும். பழச்சாற்றின் சர்க்கரை, உலர் சலவைத் திரவத்தில் மட்டும் கரையாது. நீர்கொண்டு தனியே நீக்கப்பட வேண்டும். வெள்ளைத் திராட்சைச் சாறு கண்ணுக்கே புலப்படாது. இஸ்திரிச் சூடு பட்ட பின்னரே பழுப்பாகத் தலைகாட்டும்.