உழைப்பும் உடற்பயிற்சியும்

உடல் நலமே பிற நலங்களுக்கெல்லாம் அடிப்படையாகும். அந்நலத்தைப் பேணுதற்கு உணவும் உறக்கமும் போலவே உழைப்பும் இன்றியமையாதது. உடற்பயிற்சி என்றவுடன் விளையாட்டுத் திடலும் பயிற்சிக் கூடமுமே பலருடைய நினைவிற்கு வரும். துடைப்பமும் மண்வெட்டியும் வாளியும் சிறந்த பயிற்சிக் கருவிகளே என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

மண்வெட்டியால் தோட்டத்தைக் கொத்துபவரைக் கூர்ந்து நோக்குவோம். அவருடைய கைகள் கருவியை உயர்த்துகின்றன. தோள்களும் முதுகும் அதற்கு வலிமை ஊட்டுகின்றன. கால்கள் ஊன்றி நின்று உடலைத் தாங்குகின்றன. உழைக்கும் தசைகளுக்கு மிகுதியான பிராணவாயு வேண்டும். ஆதலின் மூச்சு விரைகிறது. இதயத் துடிப்பு மிகுகிறது. வாளா அமர்ந்திருப்பதற்கு ஆகும் ஆற்றலைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு, தரையைப் பெருக்குவதற்குச் செலவாகிறது. மண்ணைக் கொத்துவதற்கோ ஐந்து மடங்கு வேண்டும்.

கிணற்றில் நீர் இறைத்தலும் இத்தகையதே. 10 லிட்டர் நீரின் எடை 10 கிலோகிராம் ஆகும். அவ்வளவு நீர் கொள்ளும் வாளியால் 20 முறை இறைப்பவர், 200 கிலோகிராம் எடையைச் சிறிது சிறிதாக மேலேற்றி விடுகிறார். உடலும் உரம் பெறுகிறது. செடிகளும் நீர் பெறுகின்றன.

இவ்வுண்மையை வாழ்வில் நடத்திக் காட்டியவர் காந்தியடிகள். 1910 ஆம் ஆண்டில் அவர் தென்னாப்பிரிக்காவிலுள்ள ஜோகன்னஸ்பர்க் நகருக்கு அருகே டால்ஸ்டாய் பண்ணையைத் தொடங்கினார். அங்கு வாழ்ந்தவருள் தமிழரும் இருந்தனர். பண்ணையில் ஏவலர் இலர். சமையல் முதல் துப்புரவு வரை எல்லாப் பணிகளையும் அங்கு வாழ்ந்தோரே செய்தனர். இளைஞர்கள் குழி தோண்டினர், மரம் வெட்டினர், சுமை தூக்கினர். இவ்வேலைகளே போதிய பயிற்சியாய் அமைந்தமையால், அவர்களுக்கு வேறு பயிற்சி பெரும்பாலும் தேவைப்படவில்லை என்று அடிகள் தம் வரலாற்றில் குறித்துள்ளார்.

அன்றாடப் பணியின் பயனை மருத்துவ ஆராய்ச்சியும் உணர்த்தியது. ஜெர்ரி மாரிஸ் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் லண்டன் பேருந்துப் பணியாளரை ஆராய்ந்து, 1953 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அமர்ந்தே வண்டி ஓட்டியவர்களைவிட, இரண்டடுக்குப் பேருந்தின் படிகளில் நாள்தோறும் ஏறி இறங்கிய நடத்துநர்களிடம் இதய நோய் குறைவாகக் காணப்பட்டது.

எனினும், உழைப்பிற்கும் முறை உண்டு. சுமையைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குதல் வேண்டும். ஒரே கைக்கு வேலை தராமல் இரு கைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துதல் நன்று. களைப்புத் தோன்றின் சற்றே ஓய்வு கொள்ளல் வேண்டும்.

அளவோடு செய்யும் பணி பயிற்சியாகும். அளவை மீறினால் அதுவே துன்பமாகும். பல இல்லங்களில் தாய் ஒருவரே விடியற்காலை முதல் இரவு வரை ஓயாது உழைக்கிறார். பிள்ளைகளோ அசைவின்றி அமர்ந்திருக்கின்றனர். ஒருவர் மிகையால் வருந்த, மற்றவர் குறையால் நலிகின்றனர். பணியைப் பகிர்ந்து கொண்டால் இவ்விரு தீங்குகளும் நீங்கும். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் உடலை நன்கு இயக்குதல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. அந்நேரத்தில் ஒரு பகுதியை வீட்டுப் பணிக்கு அளித்தல் எளிதன்றோ?

ஆணாயினும் பெண்ணாயினும் துடைப்பத்தைக் கையில் எடுப்பது இழிவன்று. தம் பணியைத் தாமே செய்யும் மாணவர் உடல் வலிமை பெறுவர். தாயின் சுமையையும் குறைப்பர்.