லெட்டர் பேடு போதாது, எண்ணைப் பாருங்கள்!

வத்தலக்குண்டுப் பாதையும் பழனிப் பாதையும் வந்து கூடும் முக்கு, நம் பெருமாள்மலை. கொடைக்கானலுக்கு ஏறும் அரிசி, பருப்பு, எண்ணெய் லாரிகளும், மலையிலிருந்து இறங்கும் வாழை, பீன்ஸ், பேரிக்காய், காபி, மிளகு, மலைப்பூண்டும் இந்த வழியாகத்தான் போய் வருகின்றன. ஒரு காலத்தில் இங்கே வியாபாரம் செய்தவர்கள் எதிராளியைப் பற்றி அதிகம் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. சரக்கு கேட்பவர் யார் மகன், எந்த மண்டியில் வரவு செலவு வைத்திருக்கிறார், சொன்ன தவணையில் பணம் தருவாரா என்பதெல்லாம் டீக்கடை பெஞ்சிலேயே தெரிந்துவிடும்.

இன்று நிலைமை அப்படியில்லை. சீசன் தொடங்கும் முன் யாரோ ஒருவர் காரில் வந்து இறங்குகிறார். "ரிசார்ட் எடுத்து நடத்துகிறோம், மாதக் கணக்கில் மளிகை வேண்டும்" என்கிறார். வெளியூர்க் கம்பெனி ஒன்று பட்டர் ஃபுரூட்டையும் மலைப்பூண்டையும் மொத்தமாகக் கொள்முதல் செய்ய வருகிறது. "ஆதரவற்ற குழந்தைகள் இல்லம்" என்று ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு வருகிறார். நால்வர்ண லெட்டர் பேடு, விசிட்டிங் கார்டு, ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் பளபளவென்று இருக்கின்றன. இவற்றை எந்த அச்சகத்திலும் ஒரு மணி நேரத்தில் அடித்து வாங்கிவிடலாம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. சீசன் முடிந்து கார் மலையிறங்கிய பிறகு, பேரேட்டில் நிற்கும் பாக்கி நம்முடையது.

அச்சடித்த பெயரை நம்பாமல், அதன் பின்னால் உள்ள பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார்ப்பதே முதல் பாதுகாப்பு. இதற்குப் பெரிய படிப்போ பெரிய செலவோ தேவையில்லை. கைப்பேசியில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

கம்பெனி என்றால்...

"பிரைவேட் லிமிடெட்" என்று போட்டிருந்தால் பணக்காரக் கம்பெனி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். "லிமிடெட்" என்ற சொல்லின் பொருளே வேறு. கம்பெனி நொடித்துப்போனால், பங்குதாரர்களின் பொறுப்பு அவர்கள் போட்ட பங்குத் தொகையோடு நின்றுவிடும் என்பதுதான் அது. அவர்களுடைய வீடு வாசலை நாம் சாதாரணமாகத் தொட முடியாது. தனியார் கம்பெனிக்குக் குறைந்தது 1 லட்சம் ரூபாய் மூலதனம் வேண்டும் என்றிருந்த விதியும் 2015ல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே மிகச் சிறிய மூலதனத்திலும் ஒரு கம்பெனி நடக்கலாம்.

2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, கம்பெனியின் கடிதத்திலும் பில்லிலும் பதிவு அலுவலக முகவரியும் "சி.ஐ.என்." என்னும் அடையாள எண்ணும் இருக்க வேண்டும். எழுத்தும் இலக்கமும் சேர்ந்து 21 இடங்கள் கொண்டது அந்த எண். முதல் எழுத்து எல் என்றால் பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனி, யு என்றால் பட்டியலாகாதது. அடுத்த 5 இலக்கங்கள் தொழில் வகையைக் குறிக்கும். பின் மாநிலத்தைக் குறிக்கும் 2 எழுத்துகள் (தமிழ்நாட்டுக்கு டி, என்), அதன்பின் கம்பெனி தொடங்கிய ஆண்டு. "இருபது வருடமாக நடத்துகிறோம்" என்பவரின் எண்ணில் போன வருடம் இருந்தால், விளக்கம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இந்த எண்ணை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் தேடினால் கட்டணம் இல்லாமலே பல விவரங்கள் கிடைக்கும். கம்பெனி நடப்பில் இருக்கிறதா, பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதா, இயக்குநர்கள் யார், செலுத்திய மூலதனம் எவ்வளவு, கடைசி இருப்புநிலைக் குறிப்பு எந்த ஆண்டுக்குத் தாக்கலானது, சொத்தின் மீது அடமானக் கடன் உண்டா என்று பார்த்துக்கொள்ளலாம். கணக்குத் தாக்கல் செய்து பல ஆண்டுகள் ஆன கம்பெனிக்குக் கடன் சரக்குக் கொடுப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் இறங்குவது போலத்தான்.

ஜி.எஸ்.டி. எண் சொல்லும் சேதி

தனி வியாபாரிகளையும் கூட்டு நிறுவனங்களையும் அறிய ஜி.எஸ்.டி. எண் உதவும். அதில் 15 இடங்கள். முதல் இரண்டு மாநிலம்: தமிழ்நாடு 33, கேரளா 32, கர்நாடகா 29. அடுத்த பத்து இடங்கள் பான் எண். பான் எண்ணின் நான்காவது எழுத்தைக் கவனியுங்கள். பி என்றால் தனிநபர், எஃப் என்றால் கூட்டு நிறுவனம், சி என்றால் கம்பெனி, டி என்றால் டிரஸ்ட். "கம்பெனி" என்று சொல்லிக்கொண்டு வருபவரின் எண்ணில் பி இருந்தால், உண்மையில் நாம் ஒரு தனிமனிதருக்குத்தான் கடன் கொடுக்கிறோம் என்று பொருள். அது தவறில்லை. ஆனால் தெரிந்து கொடுக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. இணையதளத்தில் எண்ணைப் போட்டால் சட்டப்படியான பெயர், கடைப் பெயர், பதிவான தேதி, பதிவு நடப்பில் உள்ளதா ரத்தானதா, எந்தெந்த மாதம் ரிட்டர்ன் தாக்கலானது என்பவை தெரியும். பதிவுத் தேதி 2017 ஜூலை 1 என்றிருந்தால் பழைய வரிமுறையிலிருந்து மாறி வந்தவராக இருக்கலாம். நாம் சரக்கு வாங்குமிடத்தில் இது இன்னும் முக்கியம். விற்றவர் அரசுக்கு வரி கட்டாவிட்டால், நாம் எடுத்த உள்ளீட்டு வரி வரவுக்கே ஆபத்து வரும். பில்லில் வரி கொடுத்தும், மீண்டும் கையிலிருந்து கட்ட நேரிடும்.

எண் இல்லாதவரெல்லாம் ஏமாற்றுக்காரர் அல்லர். மாநிலத்துக்குள் சரக்கு மட்டும் விற்பவருக்கு, ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. புதிய கம்பெனியின் பாக்கெட் உணவுப் பொருளை வாங்கினால், அதிலுள்ள 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் சரிபாருங்கள்.

கூட்டு நிறுவனங்களைப் பற்றி ஒரு சொல். 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69ஆம் பிரிவுப்படி, பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் தன் ஒப்பந்த பாக்கிக்காக வெளியாரின் மீது வழக்குப் போட முடியாது. அடுத்தவரைச் சோதிக்கும் முன், நம் கடை பதிவாகியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்வோம்.

தர்மம் கேட்டு வருபவர்கள்

கடை வாசலுக்கு வருபவரை வெறுங்கையோடு அனுப்பாதது நம் மரபு. பழனிக்குப் பாதயாத்திரை போகும் பக்தர்களுக்கான அன்னதானம், கோயில் திருப்பணி, இல்லங்கள், மருத்துவ உதவி என்று எதற்கும் நாம் முகம் சுளித்ததில்லை. நம் பணம் சேர வேண்டிய இடத்தில் சேர வேண்டும் என்பதுதான் கேள்வி.

சேவை அமைப்பு மூன்று வகையில் அமையலாம். பத்திரம் எழுதிப் பதிவு செய்த டிரஸ்ட். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவான சங்கம். கம்பெனிச் சட்டம் 8ஆம் பிரிவின் கீழ் அமைந்த லாப நோக்கற்ற கம்பெனி. எந்த வகை, என்ன எண், எந்த அலுவலகத்தில் பதிவு என்று கேட்டாலே உண்மையானவர் உடனே சொல்லிவிடுவார். கோபித்துக்கொள்பவரிடம்தான் எச்சரிக்கை தேவை.

"அரசு அங்கீகாரம் பெற்றது" என்று காட்டப்படும் நிதி ஆயோக்கின் தர்ப்பண் எண், அமைப்பு தன் விவரங்களைத் தந்து சேர்ந்ததைக் காட்டும். அதன் நடத்தைக்கு அரசு கொடுத்த நற்சான்று அல்ல. வருமான வரிச் சலுகை உண்டு என்று சொன்னால் 80ஜி அனுமதியைக் கேளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே காசோலையாகவோ வங்கி வழியாகவோ, அமைப்பின் பெயரிலுள்ள கணக்குக்கே கொடுங்கள். குழந்தைகள் இல்லம் என்றால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரிக்கலாம். கோயில் பெயரில் வசூல் என்றால் அந்தக் கோயில் அலுவலகத்துக்கே ஒரு போன் போடுங்கள்.

பணம் திரட்டுவோர்

கம்பெனியாகப் பதிவாகியிருப்பது வேறு, பொதுமக்களிடம் பணம் வாங்க அனுமதி இருப்பது வேறு. இந்த வேறுபாடு தெரியாமல் தமிழ்நாடு பட்ட அடி கொஞ்சமல்ல. தேக்கு மரத்தில் பணம் காய்க்கும் என்று விளம்பரம் செய்த அனுபவ் பிளான்டேஷன்ஸ் 1998ல் விழுந்தபோது, அது பதிவான கம்பெனிதான். அக்காலத்து நிதி நிறுவனச் சரிவுகளையொட்டி 1997ல் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1999ல் இத்தகைய கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு செபி விதிகள் வகுத்தது. அதற்குப் பிறகும் 2022ல் ஆருத்ரா கோல்டு நிறுவன வழக்கில், பணம் போட்டவர்கள் ஆயிரக்கணக்கில் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவை நாடினர்.

சீட்டு என்றால் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவாளரின் முன் அனுமதி உண்டா என்று கேளுங்கள். டெபாசிட் என்றால் ரிசர்வ் வங்கியின் "சசேத்" இணையதளத்தில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

கொடைக்கானல் கற்றுத் தந்த பாடம்

பதிவும் பெயரும் சரியாக இருந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் இருந்துவிட முடியாது. இதற்கு நம் மலையே சாட்சி. 1980களில் பாண்ட்ஸ் நிறுவனம் அமெரிக்காவிலிருந்து இயந்திரங்களைக் கொண்டுவந்து கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலை அமைத்தது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் வசமானது. அதைவிடப் பெரிய பெயர் இந்த மலையில் எது? ஆனாலும் 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய பொருள் கிடங்கில் டன் கணக்கில் கிடந்ததை ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் வெளிக்கொண்டு வந்தனர். தன் விதிகளுக்கு மாறாகவே அது வெளியே போனது என்று கம்பெனியும் ஒப்புக்கொண்டது. தொழிற்சாலை மூடப்பட்டது. 2003ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேர் தொடர்பான உடன்பாடு 2016ல்தான் ஏற்பட்டது.

பதிவேடு "இவர் யார்" என்று சொல்லும். "இவர் அனுப்பும் சரக்கில் என்ன இருக்கிறது" என்று சொல்லாது. காலி டிரம், பழைய டின், சாக்கு என்று மலிவாக வாங்கும் நாமும், அதில் முன்பு இருந்தது என்ன என்று கேட்டே தீர வேண்டும்.

சங்கத்தின் பேரேடு

ஆகவே எண்ணைப் பார்ப்பதோடு, ஊர் விசாரணை என்ற பழைய முறையும் வேண்டும். 1837ல் அமெரிக்காவில் வியாபாரம் முடங்கி, கொடுத்த கடன் வராமல் அடிபட்டவர்களில் நியூயார்க் பட்டு வியாபாரி லூயிஸ் டாப்பன் ஒருவர். வெளியூர்க் கடைக்காரர்களின் நாணயத்தை அந்தந்த ஊர் ஆட்களிடம் விசாரித்துப் பேரேட்டில் எழுதி, கட்டணத்துக்கு மற்ற வியாபாரிகளுக்குச் சொல்லும் நிலையத்தை அவர் 1841ல் தொடங்கினார். ஊர்ச் சேதி எழுதி அனுப்பியவர்களில், பின்னாளில் ஜனாதிபதியான ஆபிரகாம் லிங்கனும் ஒருவர். இன்று உலகமெங்கும் இயங்கும் டன் அண்டு பிராட்ஸ்டிரீட்டின் வேர் அதுதான்.

தனித்தனியே ஏமாந்து வாய்மூடி இருப்பதைவிட, சங்க அலுவலகத்தில் நாமும் ஒரு பேரேடு வைக்கலாம். யார், எந்த எண், எவ்வளவு சரக்கு, எந்தத் தேதி, பணம் வந்ததா என்பவை மட்டும் பில் நகலோடு பதிவாகட்டும். கேள்விப்பட்டதும் வதந்தியும் அதில் ஏறக் கூடாது. நல்லவர் பெயர் கெட்டால் அந்தப் பாவமும், அவதூறு வழக்கும் நமக்குத்தான்.

புதியவர் வந்தால் எண்ணைக் கேளுங்கள், அன்றே சரிபாருங்கள், அவர் முன்பு சரக்கு எடுத்த இரண்டு கடைகளின் பெயரைக் கேட்டு, அவரில்லாத நேரத்தில் பேசுங்கள், முதல் இரண்டு சரக்கை ரொக்கத்துக்கே கொடுங்கள். உண்மையான வாடிக்கையாளர் இதற்காக நம்மை விட்டுப் போய்விட மாட்டார். அடுத்த சீசனுக்கு முன் கூடும் நம் சங்கக் கூட்டத்தில், பேரேட்டின் முதல் பக்கத்தை எழுதத் தொடங்குவோம்.