ஜீவதசையில் செய்யவேண்டிய ஏற்பாடு

நெமிலி தாலூகாவைச் சேர்ந்த பனப்பாக்கத்தில் டாட்டா மோட்டார் தொழிற்சாலைக்கு 2024ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அஸ்திவாரக்கல் நாட்டப்பெற்றது. தொழிற்சாலை வருமிடத்தில் நிலத்தின் விலை ஏறும். விலை ஏறினால் பங்காளி வியாஜ்யமும் ஏறும். ஆகையால் தகப்பனார் உயிரோடிருக்கும்போதே குடும்பத்தின் பொருட்டு ஒரு டிரஸ்டு ஏற்படுத்துவது எங்ஙனம் என்பதை நமது வாசகர்கள் தெரிந்துகொள்ளுதல் அவசியமாகின்றது. தேசப்பணியில் இறங்கியவர் வீட்டுக் காரியத்தைக் கவனியாதிருப்பதே பெருமை என்றொரு கொள்கை நம்மவரிடம் உண்டு. அதை நாம் ஒப்புவதில்லை. ஊரார் மாலையிட்டுக் கொண்டாடியவரின் மக்கள் முன்ஸீப் கோர்ட்டில் எதிரெதிராக நிற்பது அவருக்குப் புகழ் தருவதன்று.

சட்டப் படிப்பு மட்டும் இதற்குப் போதாது. கல்கத்தாவில் பிரஸன்னகுமார டாகூர் பெயர்பெற்ற வக்கீல். தம் ஒரே குமாரர் ஞானேந்திரமோஹனர் கிறிஸ்துமதம் புகுந்ததன் பேரில், அவருக்கு ஒன்றும் வைக்காமல், டிரஸ்டிகளை நியமித்து, இனிப் பிறக்கப்போகும் ஆண் சந்ததிகளுக்கெல்லாம் வழிவழியாகச் சொத்துச் செல்லும்படி உயில் எழுதி 1868இல் காலமானார். உயில் எழுதியவர் இறக்கும்போது பிறந்திராதவருக்கு ஹிந்து தர்மப்படி தானம் செல்லாது என்று 1872இல் லண்டன் பிரிவி கவுன்ஸில் தீர்த்தது. முதலில் அனுபவிக்க நியமிக்கப்பட்டவரின் ஆயுளுக்குப் பின் மிஞ்சியது அந்தக் குமாரருக்கே உரியதாயிற்று! டாகூரின் கொடையால் கல்கத்தா ஸர்வகலாசாலையில் சட்டப் பிரசங்கங்கள் ஏற்பட்டன. அவருடைய உயிலோ சட்ட மாணாக்கர்களுக்குப் பாடமாகிவிட்டது. பிறவாதவருக்கும் எழுதிவைக்கும் உரிமையைச் சென்னை மாகாணத்து ஹிந்துக்கள் 1914ஆம் வருஷத்துச் சட்டத்தினால்தான் பெற்றனர்.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் முதலிய இடங்களில் தோல் வியாபாரம் நடத்தும் முஸ்லிம் குடும்பங்களைப் பாதித்தது வேறொரு தீர்ப்பு. தமக்கும் தம் சந்ததிக்கும் பயன்படும்படி வக்பு செய்து, வம்சம் அற்றுப்போனால் ஏழைகளுக்குச் சேரும்படி வங்காளத்தில் இரு சகோதரர்கள் சாசனம் எழுதியிருந்தனர். ஏழைகளின் பங்கு வெறும் பெயரளவுக்கே என்று கூறி 1894இல் பிரிவி கவுன்ஸில் அதைச் செல்லாததாக்கிவிட்டது. இஸ்லாமிய தர்மத்தை முஸ்லிம்களைவிடத் தாங்கள் நன்கறிந்ததாக அந்த நியாயாதிபதிகள் நினைத்தனர் போலும். மௌலானா ஷிப்லி நுஃமானி முதலியோர் கிளர்ச்சி செய்தனர். ஜனாப் ஜின்னா சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். 1913இல் அது சட்டமாயிற்று. அதற்கு முற்பட்ட சாசனங்களையும் 1930ஆம் வருஷத்துச் சட்டம் காப்பாற்றியது. ஆகவே, தன் குடும்பத்துக்குத் தானே ஏற்பாடு செய்துகொள்ளும் உரிமையும் ஜனங்கள் கேட்டுப் பெற்ற உரிமையே. இவ்வகை வக்பு பெண் வாரிசுகளின் பாத்தியதையை அழிப்பதாக இருக்கலாகாது என்று 2025ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம் விதிக்கின்றது.

வக்பு அல்லாத குடும்ப டிரஸ்டுக்கு ஆதாரம் 1882ஆம் வருஷத்து இந்திய டிரஸ்டுச் சட்டமாகும். முதலில் செய்யவேண்டியது சொத்துக்களின் ஜாபிதா. எது சுயார்ஜிதம், எது பிதுரார்ஜிதம் என்று பிரித்தெழுத வேண்டும். பிறர் பங்கை எவரும் டிரஸ்டில் வைக்கமுடியாது. பிதுரார்ஜிதத்தில் மகள்களுக்கும் பங்குண்டு. தமிழ்நாடு 1989இல் மணமாகாத பெண்களுக்கு அதை அளித்தது, மத்திய சட்டம் 2005இல் யாவருக்கும் அளித்தது. "கல்யாணத்துக்குச் செய்தாகிவிட்டது, நகை போட்டாகிவிட்டது" என்று சொல்லி மகளை விட்டுவிட்டு எழுதும் சாசனம் வியாஜ்யத்துக்கு எழுதிய அழைப்பேயாகும்.

டிரஸ்டு செய்பவரின் எண்ணம், நோக்கம், பலன் பெறுவோர், சொத்து ஆகிய யாவும் சாசனத்தில் ஐயமின்றி விளங்கவேண்டும். நிலமோ வீடோ இருப்பின் அது எழுத்திலிருந்து, கையொப்பமாகி, ரிஜிஸ்தர் செய்யப்பட வேண்டும். செய்பவர் தாமே டிரஸ்டியாக இருக்கலாம். பிறரை நியமித்தால் சொத்தை அவர் பெயருக்கு உண்மையில் மாற்றித் தரவேண்டும். எழுதிய பத்திரத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டு, பட்டாவையும் பாங்குக் கணக்கையும் பழையபடி வைத்திருப்பவர் டிரஸ்டு செய்தவராகமாட்டார்.

மிகவும் இடறுமிடம் ரத்து செய்யும் அதிகாரம். அமெரிக்காவில் உயிலை கோர்ட்டில் நிரூபிக்கும் செலவுக்கஞ்சி, விரும்பியபோது மாற்றத்தக்க டிரஸ்டை மிகுதியாகச் செய்கின்றனர். அதைப் படித்துவிட்டு இங்கும் அப்படியே என்று நம்பலாகாது. ஜீவதசையில் செய்த டிரஸ்டை ரத்து செய்யும் அதிகாரத்தை நம் சட்டப்படி சாசனத்திலேயே வெளிப்படையாக வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் பலன் பெறுவோர் அனைவரும் சம்மதித்தால்தான் முடியும். அவர்களில் ஒரு பேரன் மைனராயிருப்பின் அவ்வழியும் அடைபடும். அதிகாரத்தை வைத்துக்கொண்டால் டிரஸ்டின் வருமானத்துக்கு அவரே வரி கட்டவேண்டியிருக்கும். இரண்டில் எது வேண்டும் என்பதை எழுதுமுன் தீர்மானிக்க வேண்டும். பங்குகளை நிச்சயமாகக் குறிப்பிடாவிடில், பொதுவாக வருமானவரி உச்ச விகிதத்தில் விழும். சொத்தை என்றென்றைக்கும் கட்டிவைக்கவும் இயலாது. உயிரோடிருப்போரின் ஆயுளுக்கும், அதன்பின் உரிமை பெறும் குழந்தையின் மைனர் பருவத்துக்கும் அப்பால் அதைத் தள்ளிவைக்கச் சட்டம் இடந்தராது.

கடன்காரனை ஏய்க்க டிரஸ்டு உதவாது. பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் மாசினால் நஷ்டமடைந்தோருக்கு ஈடுகொடுக்க வேண்டுமென்று 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. இத்தகைய பொறுப்பிலிருந்து தப்ப ஆலைக்காரர் ஒருவர் வீட்டையும் நிலத்தையும் டிரஸ்டுக்குள் ஒளிப்பாராயின், பணம் சேரவேண்டியவர் அம்மாற்றத்தைத் தள்ளும்படி கோர்ட்டைக் கேட்கலாம்.

டிரஸ்டியாக மூத்த மகன் ஒருவனையே நியமிப்பது வழக்கம். அவனுடன் குடும்பத்துக்கு வெளியே கணக்கறிந்த ஒருவரையும் சேர்ப்பது நலம். பலர் இருந்தால், சாசனம் வேறுவிதமாகச் சொல்லாதவரை எல்லோரும் கூடியே செய்யவேண்டும். டிரஸ்டிக்குக் கூலியும் சாசனம் சொன்னாலொழிய இல்லை; ஆகையால் வெளியாருக்குத் தொகை குறித்துவிட வேண்டும். பலன் பெறுவோர் கேட்கும்போது டிரஸ்டி கணக்குக் காட்டியாக வேண்டும் என்பது சட்டம். கேளாமலே வருஷந்தோறும் ஆடி மாதத்தில் கணக்கு வாசிக்கும்படியும், மனைவியின் ஜீவனத்துக்கு மாதம் இவ்வளவு முதலில் கொடுத்துவிட்டே மற்றப் பங்குகளைப் பிரிக்கும்படியும் ஒரு ஷரத்தைச் சேர்த்து, அதை அந்த அம்மாளுக்கு வாசித்துக் காட்டிய பின் ஸப்-ரிஜிஸ்திரார் கச்சேரிக்குப் போகலாம்.