பிச்சை கேட்டு வந்த புனிதர்

ஞாயிறு மறைக்கல்வியில் எம் பிள்ளைகள் புனிதர்களின் திருநாட்களைத் தவறாமல் ஒப்புவிக்கிறார்கள். அந்தப் புனிதர் எங்கே படுத்தார், என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் விழிக்கிறார்கள். அதை வீட்டில்தான் சொல்லிக்கொடுக்கலாம். புத்தகங்கள் ஊரோடு போய்விட்டனவே என்று பெற்றோர் தயங்க வேண்டியதில்லை.

புனித யோசப் வாஸ் அடிகளாரை எடுத்துக்கொள்வோம். கோவாவில் 1651இல் பிறந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து, வந்ததும் நோயில் விழுந்தார். எழும்பியபின் கழுத்தில் செபமாலை தெரிய வீடுவீடாகப் பிச்சை கேட்டார். மாலையைக் கண்டு எவர் முகம் மாறுகிறது என்று பார்த்தே கத்தோலிக்கரை இனங்கண்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளரைத் தேடிச்சென்று பராமரித்தார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்ற குடும்பத்துப் பிள்ளைக்கு இவர் அந்நியரல்லர்.

பலர் கண்டியில் அவர் செபித்து மழை பெய்த புதுமையையே முதலில் சொல்கிறார்கள். சொல்லலாம். ஆனால், "அப்ப நாங்கள் ஊருக்குப் போகக் கேட்டது ஏன் கிடைக்கேல்லை?" என்று பிள்ளை கேட்கும். அதட்டாதீர்கள். எமக்கும் விடை தெரியாது என்றே சொல்லுங்கள். பிறகு, அவர் பிச்சை கேட்டு நடந்த கதையைத் தொடருங்கள்.