எல்லைக் கோடும் பள்ளி வாசலும்: ஐக்கிய அமெரிக்காவில் நிறமும் கல்வி வாய்ப்பும்

முன்னுரை

2011 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், அக்ரன் நகரைச் சேர்ந்த கறுப்பினத் தாய் ஒருவர் சிறையில் அடைக்கப்பட்டார். தம் இரு மகள்களைப் பக்கத்துப் பள்ளி மாவட்டத்தில் சேர்ப்பதற்காக, அங்கு வாழ்ந்த தம் தந்தையின் முகவரியை ஆவணங்களில் எழுதிக் கொடுத்தார் என்பதே அவர் செய்த குற்றம். ஒன்பது நாள் சிறையிலிருந்து அவர் வெளிவந்தார். அதே ஆண்டில் மாநில ஆளுநர் அக்குற்றத்தின் தரத்தைக் குறைத்து ஆணையிட்டார்.

நிறத்தைக் காரணம் காட்டி ஒரு குழந்தையைப் பொதுப்பள்ளியிலிருந்து விலக்குவது சட்டத்திற்குப் புறம்பானது என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1954 ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. அவ்வாறிருக்க, அத்தாயைத் தடுத்தது எது? ஒரு பள்ளி மாவட்டத்தை மற்றொன்றிலிருந்து பிரிக்கும் எல்லைக் கோடுதான். முன்பு சட்டம் வெளிப்படையாகச் செய்துவந்த வேலையைப் பின்னர் இக்கோடு எவ்வாறு ஏற்றுக்கொண்டது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்தியவியல் பயில்வோர்க்கு இப்பொருள் அந்நியமானதன்று. வகுப்பறையில் தனியே அமர்த்தப்பட்ட சிறுவனாகத் தம் கல்வியைத் தொடங்கிய அம்பேத்கர், 1946 ஆம் ஆண்டு அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். இந்தியாவில் தீண்டத்தகாதோர் எனப்பட்டோரின் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் நிலைக்கும் உள்ள ஒப்புமையை அதில் அவர் சுட்டிக்காட்டினார். ஆகவே, இவ்வரலாற்றை அயல்நாட்டுச் செய்தியாக மட்டும் நாம் கருத வேண்டியதில்லை.

சட்டம் வகுத்த பிரிவினை

1896 ஆம் ஆண்டு பிளெஸ்ஸி வழக்கில், இரயில் பெட்டிகளில் இரு இனத்தாரையும் பிரித்து அமர்த்தும் லூசியானா மாநிலச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனித்தனியே இருப்பினும் சமமாக இருந்தால் போதும் என்னும் கோட்பாடு இத்தீர்ப்பின் வழியே நிலைபெற்றது. பிரிவினை நீடித்தது, சமம் என்பதோ மூன்றே ஆண்டுகளில் கைவிடப்பட்டது. ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில் கறுப்பினத்தவருக்கென இருந்த உயர்நிலைப் பள்ளியைக் கல்வி வாரியம் மூடியது. வெள்ளையர் பயிலும் உயர்நிலைக் கல்விக்கு மட்டும் பொதுப்பணம் தொடர்ந்து வழங்கப்பட்டது. 1899 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதில் தலையிட மறுத்துவிட்டது.

இக்கொடுமை கறுப்பினத்தவரோடு நின்றுவிடவில்லை. மிசிசிப்பி மாநிலத்தின் ரோஸ்டேல் என்னும் சிற்றூரில், மார்த்தா லம் என்னும் சீனச் சிறுமி 1924 ஆம் ஆண்டு வெள்ளையர் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டாள். அவளுடைய பெற்றோர் தொடுத்த வழக்கில், வெள்ளையரல்லாத எக்குழந்தையையும் கறுப்பினத்தவர் பள்ளிக்கு அனுப்ப மாநிலத்திற்கு உரிமை உண்டு என 1927 ஆம் ஆண்டு தீர்ப்பானது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், பகத்சிங் திந்த் என்னும் இந்தியர் வெள்ளையரல்லர் என்று கூறி, அவருக்குக் குடியுரிமை இல்லை என அதே நீதிமன்றம் தீர்த்திருந்தது. பிரிவினைக் கோடு வெள்ளையருக்கும் ஏனையோர் அனைவருக்கும் இடையே இழுக்கப்பட்டிருந்தது என்பதை இவற்றால் நாம் அறியலாம்.

பேருந்து கேட்ட பெற்றோர்

1954 ஆம் ஆண்டின் தீர்ப்பு நீதிபதிகளின் கருணையால் மட்டும் விளைந்ததன்று; எளிய மக்களின் துணிவே அதற்கு வேராக அமைந்தது. தென் கரோலினா மாநிலத்தின் கிளாரெண்டன் வட்டாரத்தில் வெள்ளை மாணவர்களுக்கு 30 பள்ளிப் பேருந்துகள் இருந்தன; கறுப்பின மாணவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. 1949-50 கல்வியாண்டில் ஒரு வெள்ளை மாணவனுக்கு 179 டாலரும் ஒரு கறுப்பின மாணவனுக்கு 43 டாலரும் செலவிடப்பட்டன. பெற்றோர் முதலில் கேட்டது ஒரு பேருந்துதான். அது மறுக்கப்பட்டபின், கோரிக்கை சமமான பள்ளிகளை நோக்கியும், இறுதியில் பிரிவினையை ஒழிப்பதை நோக்கியும் விரிந்தது. வழக்கில் முதற்பெயராக விளங்கிய ஹாரி பிரிக்ஸும் அவர்தம் மனைவி எலைசாவும் இதனால் வேலை இழந்தனர்.

வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் வட்டாரத்தில் ஏறத்தாழ 180 மாணவர்களுக்கெனக் கட்டப்பட்ட மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் 450க்கும் மேற்பட்டோர் பயின்றனர். இடம் போதாமையால், தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளில் வகுப்புகள் நடந்தன. 1951 ஆம் ஆண்டு, பார்பரா ஜான்ஸ் என்னும் 16 வயது மாணவி தம் பள்ளித் தோழர்களைத் திரட்டி வகுப்புப் புறக்கணிப்பில் இறங்கினார். இவ்விரு வட்டாரங்களின் வழக்குகளும் கான்சஸ், டெலவேர் மாநில வழக்குகளும் இணைக்கப்பட்டுப் பிரௌன் வழக்கு என்னும் பெயரில் உச்ச நீதிமன்றத்தை எட்டின. பெற்றோர் தரப்பு வழக்கறிஞர்களுக்குத் தலைமை தாங்கியவர் தர்குட் மார்ஷல்.

தீர்ப்பும் தாமதமும்

1954 மே 17 ஆம் நாள், பிரித்து வைக்கப்பட்ட பள்ளிகள் இயல்பிலேயே சமமற்றவை என ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆயினும், அதனை நிறைவேற்றுவதற்குக் காலவரையறை எதையும் நீதிமன்றம் விதிக்கவில்லை. 1955 ஆம் ஆண்டு வெளியான இரண்டாம் தீர்ப்பு, உரிய வேகத்தில் செய்க என்னும் பொருள்படவே அமைந்தது. அந்த நெகிழ்ச்சி எதிர்ப்பாளர்களுக்கு வாய்ப்பாகியது. 1957 ஆம் ஆண்டு ஆர்க்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழைவதற்கு அதிபர் ஐசனோவர் இராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. பிரின்ஸ் எட்வர்ட் வட்டாரமோ, ஒன்றிணைந்த பள்ளிகளை நடத்துவதைவிட மூடுவதே மேல் எனக் கருதி, 1959 ஆம் ஆண்டு தன் பொதுப்பள்ளிகள் அனைத்தையும் மூடியது. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தோன்றியது; கறுப்பினப் பிள்ளைகளில் பலர் நான்கு ஆண்டுகள் பள்ளியே காணாதிருந்தனர். 1964 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பின்னரே பொதுப்பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டன.

1964 ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டமும், பிரிவினையைத் தொடரும் பள்ளிகளுக்கு மத்திய அரசின் நிதி கிட்டாது என்னும் நிலையும் ஏற்பட்ட பின்னரே உண்மையான மாற்றம் தொடங்கியது. தென் மாநிலங்களில் வெள்ளையர் பெரும்பான்மையாகப் பயிலும் பள்ளிகளில் படித்த கறுப்பின மாணவர்கள் 1964 ஆம் ஆண்டு சுமார் 2 விழுக்காட்டினர். 1988 ஆம் ஆண்டு சுமார் 43 விழுக்காட்டினர். இம்மாற்றத்தால் விளைந்த பயனைப் பொருளியலாளர் ரக்கர் ஜான்சன் ஆய்ந்துள்ளார். ஒன்றிணைந்த பள்ளிகளில் பயின்ற கறுப்பினக் குழந்தைகள் கூடுதல் ஆண்டுகள் கல்வி பெற்று, பிற்காலத்தில் மிகுதியான வருவாய் ஈட்டினர் என்பதும், வெள்ளையர் குழந்தைகளுக்கு இதனால் இழப்பு நேரவில்லை என்பதும் அவர்தம் முடிவுகள். ஒரு மாணவனுக்கு ஆகும் செலவு உயர்ந்ததும் வகுப்பின் அளவு குறைந்ததும் இதற்கு முக்கியக் காரணங்கள் என அவர் காட்டுகிறார். நல்ல ஆசிரியரும் நல்ல கட்டடமும் பணமும் இருக்குமிடத்திற்குள் அக்குழந்தைகளுக்கு நுழைவு கிடைத்ததே பயன் தந்தது என்பதை நாம் இங்கு உணர வேண்டும்.

எல்லைக் கோடு

தென் மாநிலங்கள் பலவற்றில் ஒரு வட்டாரம் முழுவதும் ஒரே பள்ளி மாவட்டமாக இருந்தது. ஆதலால் நகரும் புறநகரும் ஒரே நிர்வாகத்தின்கீழ் இருந்தன. குடிபெயர்ந்து தப்புவதற்கு அருகில் வேறு மாவட்டம் இல்லை. வட மாநிலங்களின் நிலை வேறு. அங்கு நகரைச் சுற்றியுள்ள ஒவ்வொரு புறநகரும் தனித்தனிப் பள்ளி மாவட்டமாகும். நாடு முழுவதும் இத்தகைய மாவட்டங்கள் 13,000க்கும் மேற்பட்டவை.

அப்புறநகர்களில் யார் குடியேறினர் என்பதும் தற்செயலாக அமைந்ததன்று. 1930களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் வரைந்த நகர வரைபடங்களில், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் கடன் கொடுக்கத் தகாதவை எனச் சிவப்பு வண்ணத்தால் குறிக்கப்பட்டன. 1934 ஆம் ஆண்டு தொடங்கிய வீட்டுவசதி நிர்வாகமும் அதே நோக்கோடு கடன்களுக்குக் காப்புறுதி வழங்கியது. புறநகரில் வீடு வாங்கும் வாய்ப்பு வெள்ளையர்க்கே பெரிதும் கிட்டியது. வீட்டு விற்பனையில் இனப்பாகுபாட்டைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 1968 ஆம் ஆண்டில்தான் பிறந்தது. அதற்குள் குடியிருப்பின் வடிவம் உறைந்துபோயிருந்தது.

இந்நிலையில்தான் மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் வழக்கு எழுந்தது. நகரப் பள்ளிகளில் கறுப்பின மாணவர்களே பெரும்பான்மையினர் ஆகிவிட்டமையால், நகரத்திற்குள் மட்டும் மாணவர்களை மாற்றியமைப்பது பயன் தராது எனக் கண்ட கீழ் நீதிமன்றம், 53 புறநகர் மாவட்டங்களையும் இணைத்துத் திட்டம் வகுக்க முற்பட்டது. 1974 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஐவர்க்கு நால்வர் என்னும் கணக்கில் இதனைத் தள்ளுபடி செய்தது. புறநகர் மாவட்டங்கள் தாமே பிரிவினைக் குற்றம் புரிந்தமை மெய்ப்பிக்கப்படாதவரை, எல்லையைக் கடந்து ஆணையிட இயலாது என்பதே அதன் வாதம். பிரௌன் வழக்கில் வெற்றி கண்ட தர்குட் மார்ஷல், இப்போது அதே நீதிமன்றத்தின் நீதிபதியாக அமர்ந்து, தோற்ற நால்வருள் ஒருவராக மாற்றுத் தீர்ப்பு எழுதினார்.

வரியும் வகுப்பறையும்

எல்லைக் கோடு மாணவனை மட்டும் பிரிப்பதில்லை; பணத்தையும் பிரிக்கிறது. அமெரிக்கப் பொதுப்பள்ளிகளின் செலவில் மத்திய அரசின் பங்கு பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு அளவே. எஞ்சியதை மாநிலமும் உள்ளூரும் ஏறத்தாழச் சரிபாதியாக ஏற்கின்றன. உள்ளூர்ப் பணத்தின் பெரும்பகுதி வீடு, நிலம் ஆகியவற்றின்மீது விதிக்கப்படும் சொத்து வரியாகும். எனவே, வீட்டின் விலை குறைந்த இடத்தில் பள்ளியின் வருவாயும் குறைகிறது.

டெக்சஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோ நகரில் எழுந்த வழக்கு இதற்குத் தெளிவான சான்று. எட்ஜ்வுட் மாவட்டத்து மாணவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் மெக்சிக வழியினர். வெள்ளையர் மிகுந்த அலாமோ ஹைட்ஸ் மாவட்டமும் அதே பெருநகரப் பகுதியில்தான் இருந்தது. 1967-68 கல்வியாண்டில் ஒவ்வொரு 100 டாலர் சொத்து மதிப்புக்கும் எட்ஜ்வுட் மக்கள் 1.05 டாலர் வரி செலுத்தினர். அலாமோ ஹைட்ஸ் மக்கள் 0.85 டாலர் மட்டுமே செலுத்தினர். ஆயினும் மாநிலத் திட்டத்திற்கு மேலாக ஒரு மாணவனுக்குக் கிட்டிய உள்ளூர் வருவாய் எட்ஜ்வுட்டில் 26 டாலர். அலாமோ ஹைட்ஸில் 333 டாலர். மாநில, மத்திய உதவிகளைச் சேர்த்த பின்னரும் முன்னதில் 356 டாலரும் பின்னதில் 594 டாலருமே ஒரு மாணவனுக்கு இருந்தன. மிகுதியான விகிதத்தில் வரி செலுத்தியும் குறைந்த கல்வியைப் பெற்ற அவலத்தை இங்கு நாம் காண்கிறோம். 1973 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், கல்வி அரசியலமைப்புச் சட்டம் காக்கும் அடிப்படை உரிமையன்று எனக் கூறி, இம்முறையை அனுமதித்தது. அங்கும் ஐவர்க்கு நால்வர் என்பதே கணக்கு. அங்கும் மார்ஷல் எதிர்த்து எழுதினார்.

இன்றைய நிலை

பின்வந்த தீர்ப்புகள் வாய்ப்பை மேலும் குறுக்கின. சியாட்டல், லூயிவில் ஆகிய நகரங்கள் தாமாகவே முன்வந்து, மாணவர் சேர்க்கையில் இனக்கலப்பைப் பேண முயன்றதை 2007 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2023 ஆம் ஆண்டு, பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கருத்திற்கொள்வதற்கும் அது முற்றுப்புள்ளி வைத்தது. 2020-21 கல்வியாண்டில், நாட்டின் மாணவர்களுள் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேற்பட்டோர், அதாவது சுமார் 1 கோடியே 85 இலட்சம் பேர், ஒரே இனத்தவர் 75 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள பள்ளிகளில் பயின்றனர் என மத்திய அரசின் தணிக்கை அலுவலகம் 2022 ஆம் ஆண்டு அறிவித்தது.

முடிவுரை

இவற்றைத் தொகுத்து நோக்குங்கால் ஓர் உண்மை புலனாகிறது. பள்ளியில் சேரும் உரிமை ஏட்டில் எழுதப்பட்டுவிட்டால் வாய்ப்புச் சமமாகிவிடும் என்று நாம் எண்ணுவதற்கில்லை. மாவட்டத்தின் எல்லை எங்கே வரையப்படுகிறது, பள்ளிக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்னும் இரு வினாக்களுக்குரிய விடையே அவ்வுரிமையின் பொருளைத் தீர்மானிக்கிறது. அவ்விரண்டும் மனிதர் வகுத்தவை. ஆதலால் மனிதரால் மாற்றத்தக்கவை. உச்ச நீதிமன்றத்தில் தோற்ற எட்ஜ்வுட் மக்கள் மாநில நீதிமன்றத்தை நாடினர். டெக்சஸ் மாநிலத்தின் பள்ளி நிதிமுறை மாநில அரசியலமைப்புக்கு முரணானது என 1989 ஆம் ஆண்டு அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கிளாரெண்டன் பெற்றோர் 1940களில் ஒரு பேருந்து கேட்டு வேலை இழந்தனர். அக்ரன் நகரத் தாய் 2011 ஆம் ஆண்டு ஒரு முகவரியை எழுதிச் சிறை சென்றார். இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் உருண்டோடின. அவர்கள் தம் பிள்ளைகளுக்காக விரும்பியது ஒன்றே. அதற்காகச் செலுத்திய விலை மட்டுமே வேறு. எந்நாட்டின் கல்வி முறையை நாம் ஆராயினும், நல்ல பள்ளியின் வாசலை அடைய ஒரு தாய் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதையே முதற்கண் கேட்டறிதல் வேண்டும்.